வர்த்தமானி வந்த பிறகு குழு எதைப் பரிசீலிக்கிறது? (கடற்றொழில் ஒழுங்குவிதிகளும் பாராளுமன்றமும்)

முகத்துவாரத்தான் எழுதியது:

சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் விளக்குங்கள். இலங்கையில் அமைச்சர் ஓர் ஒழுங்குவிதியில் (சட்டத்தின் கீழ் போடும் விதியில்) கையெழுத்திட்டு அரசின் அறிவித்தல் ஏடான வர்த்தமானியில் வெளியிட்டால் அது அன்றே நடைமுறைக்கு வந்துவிடுகிறது. பாராளுமன்றத்துக்கு அது பிற்பாடுதான் போகிறது. அப்படியானால் பாராளுமன்றக் குழு அறையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எதைப் பரிசீலிக்கிறார்கள்? கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்த பிறகு பொருத்தம் பார்ப்பதுபோல் இருக்கிறது.

ஏன் கேட்கிறேன் என்றால், கற்பிட்டிப் பக்கம் என் சித்தப்பாவுக்கு ஒரு கரைவலைப் பாடு (கரையிலிருந்து வலை இழுக்கும் இடம்) இருக்கிறது. முன்பு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று, கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, பாட்டுப் பாடி இழுத்த வலை. மடி (மீன் சேரும் வலைப் பை) கரைக்கு வர அரைநாள் பிடிக்கும். இன்று அத்தனை பேரைக் கூலிக்குப் பிடிக்க முடியாது. ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் கொழும்பில், மீதிப் பேர் கட்டாரில். அதனால் உழவு இயந்திரத்தில் கயிறு சுற்றும் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள். கடலடித் தரை கெடுகிறது, குஞ்சு மீன் அழிகிறது என்று அதற்கு எதிர்ப்பு. ஒரு பருவம் கண்டும் காணாமல் விடுகிறார்கள், அடுத்த பருவம் வந்து பிடிக்கிறார்கள். எந்த விதி, எப்போது வந்தது, எங்களை யார் கேட்டார்கள் என்று எவருக்கும் தெரியாது. அலுவலகத்தில் கேட்டால் "வர்த்தமானியைப் பாருங்கள்" என்பார்கள்.

வின்ச் சரியா பிழையா என்று இங்கே சண்டை போட வரவில்லை. இப்படியான விதியைப் பாராளுமன்றத்தில் உண்மையில் யார் வாசிக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

---

சட்டக்கல்லூரிப் பூனை எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்ன வரிசை சரி. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டத்தின் 61ஆம் பிரிவுதான் அமைச்சருக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது. விதி வர்த்தமானியில் வெளியான நாளில், அல்லது அதிலேயே குறிப்பிட்ட நாளில், வலுப்பெறும். வசதிப்பட்டவுடன் பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இத்தனை நாளுக்குள் என்று எல்லை போடப்படவில்லை.

அதைவிடக் கசப்பானது அடுத்த வரி. பாராளுமன்றம் அங்கீகரிக்க மறுத்தால் அந்த விதி மறுத்த நாளிலிருந்துதான் இல்லாமல் போகும். அதற்கு முன் அதன் கீழ் செய்யப்பட்டவை செல்லுபடியாகும். அதாவது விதி தோற்றாலும் இடையில் பறித்த வலை பறித்ததுதான். நம் நாட்டுச் சட்டங்களில் பெரும்பாலானவற்றின் கடைசிப் பக்கங்களில் இதே வாசகம் அச்சுப் பிசகாமல் இருக்கும்.

அரசியலமைப்பு இதற்கு இடம் கொடுக்கிறது. 76ஆம் உறுப்புரை பாராளுமன்றம் தன் சட்டவாக்க அதிகாரத்தைக் கைவிடக்கூடாது என்று சொல்லிவிட்டு, துணைநிலைச் சட்டம் ஆக்கும் அதிகாரத்தை இன்னொருவருக்குச் சட்டத்தின் மூலம் கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. ஒரு சட்டமூலம் என்றால் ஒழுங்குப் பத்திரத்துக்கு வருவதற்கு 14 நாள் முன்பே வர்த்தமானியில் வரவேண்டும். உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒழுங்குவிதிக்கு அந்த முன்னறிவிப்பு கிடையாது. ஆனால் ஒன்று: நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது, ஒழுங்குவிதியைக் கேட்கலாம். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனு, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. பின்னதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். கற்பிட்டிக் கரையில் வாடி (மீனவர் குடிசை) போட்டிருப்பவருக்கு அந்த ஒரு மாதம் எப்படித் தெரியவரும் என்று கேட்காதீர்கள்.

---

வெள்ளவத்தை ஓய்வூதியர் எழுதியது:

தம்பிமார் இருவரும் எழுதியது சட்டப்படி சரி. நடப்பு வேறு மாதிரி. ஓர் அமைச்சின் கோப்புக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீ ஜயவர்தனபுரப் பாராளுமன்றத்துக்குப் போனவன் நான், ஆகவே குழு அறையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

இரண்டு வகைக் குழுவைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அமைச்சுசார் ஆலோசனைக் குழுவுக்கு அமைச்சரே தலைவர். துறைசார் மேற்பார்வைக் குழு 2015இன் கடைசியில் வந்தது. அதற்குச் சாதாரண எம்.பி. ஒருவர் தலைவர். இரண்டிலும் ஒழுங்குவிதிகள் பேசப்படுகின்றன.

ஆலோசனைக் குழுவில் அமைச்சர் நடுவில் இருப்பார். செயலாளரும் பணிப்பாளர் நாயகமும் பக்கத்தில். சுற்றிலும் எம்.பி.க்கள். பின்வரிசையில் எங்களைப் போன்றவர்கள் மடியில் கோப்பை வைத்துக்கொண்டு, பெயர் கூப்பிட்டுவிடக்கூடாது என்று குலதெய்வத்தை நினைத்தபடி. முதல் ஒரு மணித்தியாலம் இறங்குதுறை, ஐஸ் அறை, எண்ணெய் மானியம், யாரோ ஒருவரின் இடமாற்றம். எல்லாம் தொகுதி அலுவல். ஒழுங்குவிதிகள் கடைசியில் வரும், "கருத்து ஏதும் உண்டா?" என்று கேட்கப்படும், தேநீர் வந்துவிடும்.

ஆனால் ஒரு தடவை, வலையின் கண்ணளவு பற்றிய ஒரு வரைவு வந்தபோது, கரையோர மாவட்ட உறுப்பினர் ஒருவர் தாளை நிமிர்த்திப் பிடித்து, "இந்தக் கண்ணளவில் நெத்தலி நிற்குமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். முன்வரிசையில் குசுகுசுப்பு. பின்வரிசையிலிருந்து ஓர் உத்தியோகத்தர் எழுப்பப்பட்டார், அவர் இன்னொருவரைப் பார்த்தார். வரைவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனோம். மறுமுறை நெத்தலிக்கு விதிவிலக்கோடு வந்தது. பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை.

என் கருத்து இதுதான்: வர்த்தமானியில் வராத காகிதத்தை அமைச்சர் திருத்துவார். வந்துவிட்ட காகிதத்தை எந்த அமைச்சரும் திருத்தமாட்டார், மானப் பிரச்சினை.

---

சட்டக்கல்லூரிப் பூனை எழுதியது:

ஐயா, அந்தக் கதை அருமை. ஆனால் அது பரிசீலனை அல்ல, தற்செயல். அந்த உறுப்பினர் அன்று வராமல் இருந்திருந்தால்? அமைச்சர் தலைமை தாங்கும் குழு அமைச்சரின் விதியைப் பரிசீலிக்கிறது என்பதை என்னால் சிரிக்காமல் படிக்க முடியவில்லை. துறைசார் குழுக்கள் ஏற்படுத்தப்பட்டதே அந்தக் குறையைத் தீர்க்கத்தானே? அவற்றின் தலைவர் அமைச்சர் அல்ல. அதிகாரிகளை அழைக்கலாம், ஆவணம் கேட்கலாம், அறிக்கை வைக்கலாம்.

---

வத்தளை வன்னியன் எழுதியது:

கடல் எனக்குத் தெரியாது, வயல் தெரியும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது சட்டமூலமா? இல்லை. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க ஏற்றுமதி இறக்குமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வர்த்தமானி. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். இடையில் பெரும்போக விதைப்பு நடந்தது. வவுனியாவில் அப்பா பசளை இல்லாமல் விதைத்த வயலை அடுத்த பங்குனியில் போய்ப் பார்த்தவன் நான்.

சபையில் விவாதம் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன், நிறையவே நடந்தது. ஆனால் "எந்த ஆய்வின் அடிப்படையில், எந்தப் பயிருக்கு எவ்வளவு விளைச்சல் குறையும்" என்று வெளியிடுவதற்கு முன் அதிகாரிகளை உட்காரவைத்துக் கேட்கும் கட்டாயம் எங்கும் இருக்கவில்லை. முகத்துவாரத்தானின் சித்தப்பாவுக்கு ஒரு வலை. எங்களுக்கு ஒரு நாட்டின் போகம்.

---

நீர்கொழும்பு நானா எழுதியது:

எல்லோரும் பாராளுமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பலநாள் படகுக்காரர்களான எங்களுக்கு விதி எழுதியது பிரஸ்ஸல்ஸ்.

2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் மஞ்சள் அட்டை காட்டியது. நம் படகுகள் ஆழ்கடலில் என்ன செய்கின்றன என்று நம் அரசாங்கத்துக்கே தெரியவில்லை என்பது குற்றச்சாட்டு. 2013இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2014இல் ஆழ்கடல் மீன்பிடி ஒழுங்குவிதிகள் வந்தன. அது போதாது என்று 2014 அக்டோபரில் சிவப்பு அட்டை, 2015 ஜனவரியிலிருந்து ஏற்றுமதித் தடை. 2016 ஜூனில்தான் நீங்கியது. அதற்குள் கெலவல்லா (சூரை மீன் வகை) பிடித்து ஏற்றுமதி செய்தவர்கள் பட்ட பாடு ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

படகுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி, பயணத்துக்குப் பதிவேடு, புறப்படும்முன் அனுமதி, திரும்பியதும் இறக்கும் மீனுக்குக் கணக்கு. இவை நல்லவையே, நான் எதிர்க்கவில்லை. ஆனால் கருவி பழுதானால் படகோட்டி என்ன செய்ய வேண்டும், நடுக்கடலிலிருந்து திரும்பி வர வேண்டுமா, எண்ணெய்ச் செலவு யாருக்கு என்பதையெல்லாம் எந்தக் குழு முதலாளிமாரை அழைத்துக் கேட்டது? வெளிநாட்டுக்காரனுக்குக் காட்ட அவசரமாக விதி போட்டால், உள்ளே யாரும் வாசிப்பதில்லை. கேள்வி கேட்கும் எம்.பி. தேசத்துக்கு எதிரி ஆகிவிடுவார்.

---

குருநகர் நெய்தல் எழுதியது:

(இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், பெயர் மட்டும் ஊருடையது.)

ஒரு தடவை நேர்வழியிலும் நடந்தது. இழுவைமடித் (கடலடியை வழித்து இழுக்கும் வலை) தடை, 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். அது அமைச்சரின் விதியாக வரவில்லை, எம்.ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம். சபையில் நிறைவேறியது. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, 50,000 ரூபா அபராதம்.

எங்கள் ஊரிலேயே இழுவைமடி வைத்திருந்தவர்கள் இருக்கிறார்கள், பேசாலையிலும் இருக்கிறார்கள். என் சொந்தக்காரர்களும் அடக்கம். தடைக்கு நான் முழு ஆதரவு. இந்திய இழுவைப் படகு எங்கள் கடலை வழிக்கிறது என்று வருடம் முழுவதும் கத்திவிட்டு, எங்கள் படகு இழுத்தால் மட்டும் கடலுக்கு நோகாது என்று சொல்ல முடியாது. வெளிநாட்டுப் படகுகள் பற்றிய 1979ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தில் 2018இல் அபராதத்தைப் பல மடங்கு கூட்டினார்களே, அதைக் கைதட்டி வரவேற்றவர்கள்தானே நாங்கள்.

என் மனக்குறை பிறகு நடந்ததில். சட்டம் நிறைவேறிய பின் எந்தக் குழுவும் கரைக்கு வந்து, "தடை அமுலாகிறதா, மடியை விட்டவன் எந்தத் தொழிலுக்குப் போனான், மாற்று வலைக்குக் கடன் கிடைத்ததா" என்று எங்கள் ஆட்களிடம் கேட்டு நான் அறியவில்லை. ஆக, முன்னால் பார்ப்பது மட்டும் போதாது. தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலையைப் பாருங்கள். தடை இருக்கிறது, வலையும் இருக்கிறது.

---

தெஹிவளை தாரணி எழுதியது:

பிற நாடுகளில் எப்படி என்று சிறிது சொல்கிறேன். கிளாஸ்கோவில் படித்த காலத்தில் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்தின் கிராமிய விவகாரக் குழு அமர்வுகளைப் பார்த்திருக்கிறேன். மீன்பிடியும் அதே குழுவின் பொறுப்பில்தான்.

அங்கே பெரும்பாலான விதிகள் நடைமுறைக்கு வருவதற்கு 28 நாள் முன்னதாகப் பாராளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். முதலில் இன்னொரு குழு சட்டக் கண்ணால் மட்டும் பார்க்கும்: தாய்ச்சட்டம் தந்த அதிகாரத்துக்குள் இருக்கிறதா, வாசகம் தெளிவா. பிறகுதான் கிராமிய விவகாரக் குழு கொள்கையைப் பார்க்கும். 40 நாளுக்குள் எந்த உறுப்பினரும் இரத்துப் பிரேரணை கொண்டுவரலாம்.

2022இல் கிளைட் கழிமுகத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே கொட் மீன் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில், பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முடிவு வரை, ஒரு பகுதி ஆண்டுதோறும் மூடப்படும். ஆனால் இறால் வகை பிடிக்கும் இழுவைப் படகுகளுக்கும் கடலடியில் பொறிக்கூடு வைப்பவர்களுக்கும் விலக்கு இருந்தது. அந்த வருடம் விலக்கை எடுத்துவிட்டார்கள். மூடல் தொடங்க ஓரிரு வாரமே இருந்ததால் மீனவர்கள் கொதித்தார்கள். முதல் விதியை விலக்கி, மூடும் பரப்பை மாற்றி வரைந்து இரண்டாவது விதி வந்தது. குழு சாட்சியம் எடுத்தது: எந்தத் தரவு, கூடு வைப்பவர் கொட் மீனுக்கு என்ன தீங்கு செய்கிறார் என்றெல்லாம்.

சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. அங்கேயும் கரையோர மீனவர்கள் திருப்தியாக இல்லை, அங்கேயும் பெரும்பான்மை வைத்திருப்பவர் வெல்வார். ஆனால் கேள்வியும் பதிலும் காணொளியிலும் எழுத்திலும் இருக்கின்றன. நம் நாட்டில் அரச நிறுவனங்களை விசாரிக்கும் கோப் குழு அமர்வென்றால் தொலைக்காட்சியில் இரவு முழுக்க ஓடுகிறது. வலைக் கண்ணளவுக்கு யார் கமரா கொண்டுவருவார்கள்?

---

வத்தளை வன்னியன் எழுதியது:

தாரணி அக்கா, 2024 தேர்தலில் ஆளுங்கட்சிக்கு 225இல் 159. இரத்துப் பிரேரணை இருந்தாலும் என்ன, இல்லாவிட்டாலும் என்ன? கையை உயர்த்துவார்கள், முடிந்தது.

---

தெஹிவளை தாரணி எழுதியது:

வாக்கை மாற்றுவதற்காக யாரும் சாட்சியம் எடுப்பதில்லை, தம்பி. அமைச்சின் அதிகாரி நாளை இந்த அறையில் பதில் சொல்ல வேண்டிவரும் என்று தெரிந்தால் இன்று வரைவை எழுதும்போதே இரண்டு மீனவர் சங்கத்தைக் கூப்பிட்டுப் பேசுவார். 159 பேர் இருந்தாலும் அந்தப் பயம் வேலை செய்யும்.

எக்ஸ்-பிரஸ் பேர்ள் விடயத்தை எடுங்கள். கப்பல் 2021இல் எரிந்தது. வழக்குப் போடுவது இழுபட்டபோது, சுற்றாடல் துறைசார் மேற்பார்வைக் குழு அதிகாரிகளை அழைத்து ஏன் தாமதம் என்று குடைந்தது. சிங்கப்பூரில் வழக்கு 2023 ஏப்ரலில் தாக்கலானது. குழுவால்தான் வழக்கு வந்தது என்று சொல்லமாட்டேன். கேள்வி கேட்கும் இடம் ஒன்று இருந்தது என்கிறேன்.

---

முகத்துவாரத்தான் எழுதியது:

கப்பல் பற்றி எங்கள் முகத்துவாரத்தில் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள். அது தனி இழை போட வேண்டிய விடயம், இங்கே வேண்டாம்.

ஓய்வூதியர் ஐயா, ஒன்று புரியவில்லை. மாகாண சபைக்கு இதில் இடமே இல்லையா?

---

வெள்ளவத்தை ஓய்வூதியர் எழுதியது:

இருக்கிறது, காகிதத்தில். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் கடற்றொழில் ஒருங்கியை நிரலில் (மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான பட்டியலில்) வருகிறது. கிராம அபிவிருத்தி மாகாண நிரலில். அதாவது ஊர்மட்ட விதிகள் பலவற்றை வட மாகாண சபையிலோ வடமேல் மாகாண சபையிலோ உட்கார்ந்து பேசியிருக்கலாம். வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு எந்த மாகாணத்திலும் தேர்தல் இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள். எனவே உங்கள் சித்தப்பா வலை இழுக்கும் இடத்துக்குக் கிட்ட இருந்த பரிசீலனை மேசை பூட்டிக்கிடக்கிறது. எல்லாம் பாராளுமன்றத்தில் வந்து குவிகிறது, குவிகிற இடத்தில் நேரமில்லை.

பூனைக்குட்டிக்கும் ஒரு பதில். தற்செயல் என்றாய். சரிதான். ஆனால் அந்த உறுப்பினர் நெத்தலியைப் பற்றித் தானாகக் கேட்கவில்லை. அவருடைய கையில் ஒரு கடிதம் இருந்தது, மீனவர் சங்கங்களின் சமாசத்தின் முத்திரையோடு. நான் பின்வரிசையில் இருந்து பார்த்தேன்.

---

சட்டக்கல்லூரிப் பூனை எழுதியது:

இதை முதலிலேயே சொல்லியிருக்கக்கூடாதா ஐயா!

சரி, அப்படியானால் முகத்துவாரத்தான் அண்ணா செய்யக்கூடியது. முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) ஒரு விண்ணப்பம்: கரைவலையில் வின்ச் பாவிப்பதை எந்த ஒழுங்குவிதி தடுக்கிறது, அது எந்த வர்த்தமானியில் வந்தது, பாராளுமன்றம் எப்போது அங்கீகரித்தது, எந்த ஆய்வை வைத்து முடிவெடுத்தார்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவைச் சொல்ல வேண்டும். உத்தரவுப் பத்திரத்தின் (மீன்பிடி அனுமதியின்) நிபந்தனையா, ஒழுங்குவிதியா, வெறும் சுற்றறிக்கையா என்பது அதில் தெரிந்துவிடும். மூன்றுக்கும் பாதை வேறு. சுற்றறிக்கை என்றால் பாராளுமன்றம் அதைக் கண்டிருக்கவே மாட்டாது.

பொதுமனுக்கள் பற்றிய குழுவும் இருக்கிறது, எம்.பி. ஒருவர் ஊடாக மனுக் கொடுக்கலாம். ஆனால் அது தனியாளுக்கு நடந்த அநீதிக்குப் பொருத்தம். விதியை மாற்ற அது சுற்றுவழி.

---

குருநகர் நெய்தல் எழுதியது:

ஒரு எச்சரிக்கை. வின்ச் வேண்டாம் என்று சொல்லும் மீனவரும் அதே கடற்கரையில்தான் இருப்பார்கள். சிறுவலைக்காரன், தூண்டில்காரன். சம்மாட்டிமார் (வலைச் சொந்தக்காரர்) கையெழுத்தோடு மட்டும் குழுவுக்குப் போனால், அடுத்த வாரம் மற்றவர்கள் வேறொரு எம்.பி.யைப் பிடித்து எதிர்க் கடிதம் கொடுப்பார்கள். குழு இரண்டையும் கோப்பில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கும். கௌதாரிமுனைக் கடலட்டைப் பண்ணை விடயத்தில் எங்கள் பக்கம் பார்த்ததுதான் இது: பண்ணை வேண்டுமென்பவர், வேண்டாமென்பவர், இருவரும் கடற்றொழிலாளர்.

---

நீர்கொழும்பு நானா எழுதியது:

நெய்தல் சொல்வது நூற்றுக்கு நூறு. சங்கத்துக்குள் முதலில் பேசி முடியுங்கள். அங்கே முடியாததை எம்.பி. முடிக்கமாட்டார்.

---

வெள்ளவத்தை ஓய்வூதியர் எழுதியது:

கடிதம் எழுதும்போது, "வின்ச்சை அனுமதியுங்கள்" என்று தொடங்காதீர்கள். அனுமதி கேட்டால் அது சலுகை, அமைச்சரின் மேசைக்குப் போய்விடும். மூன்று கேள்வியாக எழுதுங்கள். எந்த ஆழத்தில், எந்தத் தரையில் வின்ச் கெடுதி செய்கிறது, நாரா (அரசின் நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வு செய்ததா? மணல் தரைக்கும் பார்த் (பாறைத்) தரைக்கும் ஒரே விதியா? மடியின் கண்ணளவைக் கட்டுப்படுத்தினால் குஞ்சு மீன் தப்பாதா? கேள்வி என்றால் எம்.பி. அதை அப்படியே வாசிக்கலாம், அதிகாரி பதில் சொல்லியே ஆகவேண்டும், பதில் குறிப்பில் ஏறும். நீளம் ஒரு பக்கம். இரண்டாம் பக்கத்தை அந்த அறையில் ஒருவரும் திருப்பமாட்டார்கள்.

ஒரு பிரதி ஆலோசனைக் குழுவில் உள்ள புத்தளம் மாவட்ட உறுப்பினருக்கு, ஒரு பிரதி துறைசார் குழுவின் செயலாளருக்கு. இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

---

முகத்துவாரத்தான் எழுதியது:

நன்றி ஐயா, எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவோடு தொலைபேசியில் பேசினேன். தூண்டில்காரர்களோடு கதைப்பதற்கு அவர் அவ்வளவாக விரும்பவில்லை. "அவர்களுக்கும் எனக்கும் பழைய கணக்கு இருக்கிறது" என்கிறார். தகவல் விண்ணப்பத்தை மட்டும் திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பதில் வந்தால் இங்கே பதிகிறேன், வராவிட்டாலும் பதிகிறேன். பூனை, விண்ணப்பத்தின் வாசகத்தை ஒருதரம் பார்த்துத் தருவாயா?

---

சட்டக்கல்லூரிப் பூனை எழுதியது:

தனிமடலில் அனுப்புங்கள் அண்ணா. பரீட்சை நடக்கிறது, ஞாயிறு இரவுக்குள் பார்த்துவிடுகிறேன்.